கடலோர ரியோகானில் ஒரு ராத்திரி: அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

#1 கோவைக் குயில்

வணக்கம் மக்களே. நவம்பர் கடைசியில் ஜப்பான் போகிறோம். நான், வீட்டுக்காரர், எட்டு வயசுப் பையன், என் அம்மா (68). டோக்கியோ, கியோட்டோ எல்லாம் வழக்கம்போலத்தான். நடுவில் ஒரே ஒரு ராத்திரி கடலைப் பார்த்த மாதிரி ரியோகான் என்கிற பழைய பாணி விடுதியில் தங்கவேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. இஸு தீபகற்பத்தில் இனாத்தோரி என்ற ஊரில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வெந்நீர் ஊற்றுக் குளியல், ராத்திரி சாப்பாடு, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 27,000 யென்.

பணம் கட்டுவதற்கு முன்னால் பயமாக இருக்கிறது. துணி இல்லாமல்தான் குளிக்கணுமாமே? அம்மாவிடம் இன்னும் சொல்லவே இல்லை. அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். முழங்கால் வலி வேறு, தரையில் படுக்கை என்கிறார்கள். போதாக்குறைக்கு அம்மாவின் முன்கையில் சின்ன வயசில் குத்திய பச்சை இருக்கிறது. பச்சை குத்தியவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்று எங்கேயோ படித்தேன். போனவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

#2 நிஷிகசாய்வாசி

டோக்கியோவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ரியோகான் ஏழெட்டு முறை போயிருக்கிறேன், பாதி இஸுவில்தான். உங்கள் கேள்விகளுக்கு மற்றவர்கள் பதில் சொல்வார்கள். நீங்கள் கேட்காத ஒன்றை நான் முதலில் சொல்லிவிடுகிறேன்: மூன்று மணிக்குப் போய்ச் சேருங்கள்.

நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு ராத்திரி படுக்க மட்டும் விடுதிக்குப் போவது. நானும் அப்படித்தான். முதல் தடவை கமாகுராவை எல்லாம் சுற்றிவிட்டு ஏழே முக்காலுக்குப் போய் நின்றோம். விடுதிக்காரம்மா, அவரை ஒகாமி என்பார்கள், முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஆற அமர ஒவ்வொன்றாக வரவேண்டிய ஒன்பது வகைச் சாப்பாடு அரை மணி நேரத்தில் மேசையில் வந்து குவிந்தது. சமையல்காரர் எங்களுக்காக வீட்டுக்குப் போகாமல் நிற்கிறார் என்று தெரிந்த பிறகு தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. கடல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

மூன்று மணிக்குப் போனால் நடப்பது இதுதான். வாசலில் செருப்பைக் கழற்றுவீர்கள், அதை யாரோ எடுத்து வைத்துவிடுவார்கள். அறையில் தத்தாமி பாய் விரித்த தரை, அதன்மேல் வீட்டுச் செருப்புகூடப் போடக்கூடாது. நாகாய்-சான் என்கிற பணிப்பெண் பச்சைத் தேநீரும் ஒரு இனிப்பும் வைத்து, எத்தனை மணிக்குச் சாப்பாடு, குளியலறை எங்கே என்று சொல்லிவிட்டுப் போவார். யுகாதா என்கிற மெல்லிய அங்கியை மாட்டிக்கொண்டு முதல் குளியல். ஆறு அல்லது ஆறரைக்குச் சாப்பாடு. சாப்பிட்டு வருவதற்குள் அறையில் மேசையை ஒதுக்கி ஃபுட்டான் மெத்தை விரித்திருப்பார்கள். படுக்குமுன் இரண்டாவது குளியல். விடியும்போது மூன்றாவது. காலைச் சாப்பாடு, பத்து மணிக்குக் கணக்கு முடித்துக் கிளம்புவது. நீங்கள் கொடுக்கிற 27,000 யென்னும் இந்தப் பத்தொன்பது மணி நேரத்துக்குத்தான்.

யுகாதா கட்டும்போது வலது பக்கத்தை உள்ளே மடித்து இடது பக்கம் மேலே வரவேண்டும். மாற்றிக் கட்டினால் பிணத்துக்குக் கட்டுகிற முறை. இதை மட்டும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு இனாத்தோரி போகாதீர்கள். டோக்கியோ விடுதியிலிருந்தே தக்யூபின் பார்சலில் கியோட்டோவுக்கு அனுப்பிவிட்டு ஒரு தோள்பையோடு போங்கள். ஒதொரிக்கோ விரைவு ரயில் டோக்கியோவிலிருந்து நேராகப் போகும், இரண்டேகால் மணி நேரம் அளவில். ரயில் பாஸ் வைத்திருந்தால் அது இத்தோ வரைக்கும்தான் செல்லும். அதற்கப்புறம் இஸுக்யூ தனியார் தடம், தனியாகக் காசு.

#3 குற்றாலச் சாரல்

தலைக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல கொடுத்து, அம்மணமா வெந்நீர்ல உட்கார்ந்து, தரையில படுத்து எழுந்து வரணும். எங்க ஊர் அருவியில சும்மா குளிக்கலாம். எண்ணெய் தேய்த்துவிட ஆளும் உண்டு :)

நிஜமாவே கேட்கிறேன், இதெல்லாம் பூமியிலிருந்து சூடா வர்ற தண்ணியா? இல்ல போர் தண்ணியைக் காய வச்சு ஊத்துறாங்களா?

#4 அம்பத்தூர் மருமகள்

குயில், நான் இதை மாமியாரோடு செய்தேன். அம்மாவோடு போகிற உங்களுக்கு என்ன கஷ்டம்!

போன வருஷம் பிப்ரவரி, இஸுவின் கிழக்குக் கரையில்தான் தங்கினோம். மாமியாருக்கு வயசு 71, திருவள்ளூர்ப் பக்கம். விஷயத்தை அங்கே போய்த்தான் சொன்னேன். 'நீ வேணா போ, நான் வாளியில ஊத்திக்கிறேன்' என்றார். சரி, அப்படியே இருக்கட்டும் என்று சும்மா வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் சிவப்புத் திரை தொங்கினால் பெண்கள், நீலத் திரை ஆண்கள். உள்ளே துணி வைக்கும் அறையில் பிரம்புக் கூடைகள் வரிசையாக இருந்தன. ஒரு பாட்டி, எண்பது இருக்கும், முதுகு வளைந்தவர், குளித்துவிட்டு வந்து மின்விசிறிக்கு எதிரில் அப்படியே நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்து வணக்கம் வைத்தார். வேறு ஒன்றும் இல்லை. மாமியார் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சேஃப்டி பின்னைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அதுதான் உண்மை. கையில் ஒரு சின்னத் துண்டு கொடுப்பார்கள், நடக்கும்போது முன்னால் பிடித்துக்கொள்ளலாம். உள்ளே போனதும் வரிசையாகக் குழாய், அதற்கு முன்னால் முக்காலி மாதிரி குட்டை ஸ்டூல், ஒரு வாளி. முதலில் அங்கே உட்கார்ந்து சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை துளி இல்லாமல் கழுவிவிட வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க இல்லை, ஊறத்தான். துண்டைத் தண்ணீரில் நனைக்கக்கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். முடியைத் தூக்கிக் கட்டிவிடுங்கள்.

அப்புறம் ஒரு கண்ணாடிக் கதவு. தள்ளினால் வெளியே குளிர்காற்று முகத்தில் அடிக்கும். பாறை வைத்துக் கட்டிய குளம், ஆவி பறக்கும், அதன் விளிம்பு முடிகிற இடத்தில் கடல். கழுத்து வரை சூடு, தலைக்கு மேலே பிப்ரவரிக் குளிர். மாமியார் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், தீபாவளி அன்றைக்குத் தலையில் சுடுதண்ணீர் ஊற்றும்போது வருமே, அதே சத்தம். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம் என்று நான்தான் கெஞ்சிக் கூட்டிவந்தேன்.

மாதவிலக்கு நாட்களில் பொதுக்குளத்துக்குப் போகக்கூடாது, தேதியைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். இதை யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள்.

#5 நிஷிகசாய்வாசி

சாரல் அண்ணே, கேள்வி நியாயமானது. பாதி சரிதான் நீங்கள் சொல்வது.

1948-ல் போட்ட வெந்நீர் ஊற்றுச் சட்டப்படி, ஊற்றுக்கண்ணில் 25 டிகிரிக்கு மேல் இருந்தாலோ, பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஏதாவது ஒன்று போதிய அளவு கலந்திருந்தாலோ அது ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்று. ஆக 15 டிகிரித் தண்ணீரும் ஒன்சென் ஆகலாம், அதைக் காய்ச்சித்தான் விடுவார்கள். வடிகட்டிச் சுற்றிச் சுற்றி விடுகிற இடங்களும் நிறைய. ஊற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறு பக்கம் வழிந்து போய்விடுகிற குளம் வேண்டுமென்றால் 'கென்சென் காகெநகாஷி' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். துணி மாற்றும் அறைச் சுவரில் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையை மாட்டியே ஆகவேண்டும், எத்தனை டிகிரி, என்ன உப்பு எல்லாம் அதில் இருக்கும்.

இனாத்தோரிக்குப் பக்கத்து ஊர் அதகாவாவில் கவலையே வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வருகிறது, ஆறவைப்பதுதான் அங்கே வேலை. ரயில் நிலையத்தில் இறங்கினதுமே ஆவிக்கோபுரம் புகைந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டை வைத்தே 1958-லிருந்து வாழைமரமும் முதலையும் வளர்க்கும் பூங்கா நடத்துகிறார்கள்!

கடலோர ஊற்றுகளில் பெரும்பாலும் உப்புத்தண்ணீர்தான், உதட்டில் பட்டாலே தெரியும். உப்பு தோலில் மெல்லப் படிந்து வியர்வை ஆவியாவதைக் குறைக்கும். அதனால் குளித்து ஒரு மணி நேரம் ஆனாலும் உடம்புச் சூடு இறங்காது. கால்வலிக்காரர்கள் இந்த ஊர்களைத் தேடிப் போவது அதற்காகத்தான்.

#6 கோவைக் குயில்

மருமகள், படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். நன்றி. இன்னொரு சந்தேகம். தாலியைக் கழற்ற அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். நானும்தான். மெட்டியும் இருக்கிறது. தண்ணீரில் கறுத்துவிடும் என்கிறார்களே?

#7 பட்டறைக்காரன்

நகைத்தொழில் குடும்பம் என்பதால் இதற்கு மட்டும் பதில். கறுக்க வைப்பது கந்தகம். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற ஊற்று என்றால் வெள்ளி மெட்டி, கொலுசு எல்லாம் ஒரே முழுக்கில் கறுத்துவிடும், அறையிலேயே கழற்றிவையுங்கள். தங்கம் கந்தகத்தோடு சேராது. ஆனால் 22 காரட்டில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும், அதனால் லேசாக மங்கலாம், பாலிஷ் போட்டால் போய்விடும். உப்பு ஊற்று என்றால் அவ்வளவு பயமில்லை. மஞ்சள் சரடு என்றால் சாயம் தண்ணீரில் இறங்கும், பொதுக்குளத்தில் அது அழகில்லை. அன்றைக்கு மட்டும் சங்கிலியில் கோத்துக்கொள்ளுங்கள். கவரிங், கல் வைத்த மோதிரம் எதுவும் வேண்டாம்.

#8 வடமராட்சியான்

கனடாவில இருந்து எழுதுறன். சைவம் எண்டு சொன்னதால இதைக் கட்டாயம் சொல்லவேணும். நாங்கள் 2019-ல அம்மாவோட போனனாங்கள். மீன், இறைச்சி வேண்டாம் எண்டு சொல்லித்தான் போனது. அவையளும் பாவம், மீன் துண்டு ஒண்டும் வைக்கேல்லை. ஆனால் சூப், கத்தரிக்காய், அவிச்ச கிழங்கு, தோஃபு எல்லாத்திலும் ஒரே வாசம். எனக்கு உடனே விளங்கிற்று. மாசிக் கருவாடு!

அவையள் தாஷி எண்டு ஒரு சாறு வைச்சிருக்கினம், எல்லாச் சமையலுக்கும் அதுதான் அடி. கட்ஸுவோபுஷி எண்ட காய்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுக்கிறது. நாங்கள் சம்பலுக்கு இடிச்சுப் போடுற மாசியும் அதுவும் அண்ணன் தம்பி மாதிரி, சூரையை அவிச்சு, புகைபோட்டு, காய வைச்சது. ஜப்பான்காரருக்கு அது மீன் எண்ட நினைப்பே இல்லை. எங்கட ஆக்கள் பருப்புக்கு உப்புப் போடுற மாதிரி. அம்மா அண்டைக்கு வெறும் சோறும் ஊறுகாயும்தான்.

#9 நிஷிகசாய்வாசி

வடமராட்சியான் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. 'சைவம்' என்று மட்டும் எழுதினால் வேலைக்காகாது. முன்பதிவு செய்யும்போதே, குறைந்தது ஒரு வாரம் முன்னால், இப்படி எழுதுங்கள்: 'நிக்கு, சகானா, தாமாகோ, கட்ஸுவோ நோ தாஷி வா தாபெராரெமாசென். கொம்பு நோ தாஷி வா தைஜோபு தெஸ்.' இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு சாப்பிட முடியாது, கடற்பாசிச் சாறு பரவாயில்லை என்று பொருள்.

முடியாது என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். கடலோர விடுதியில் ஆளே மீனுக்காகத்தான் வருகிறார்கள். இஸுவில் கின்மெதாய் என்ற செக்கச்சிவந்த மீனை முழுசாகச் சோயாவும் சர்க்கரையும் போட்டுச் சுண்டவைத்துத் தருவார்கள், உங்கள் வீட்டுக்காரர் மீன் சாப்பிடுவார் என்றால் அதை விடவேண்டாம். சில இடங்களில் அபலோன் என்ற கடல் நத்தையை மேசையிலேயே உயிரோடு சின்ன அடுப்பில் வைப்பார்கள். அது நெளியும். அம்மா எதிரில் அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பையன் விஷயம்: எட்டு வயது என்றால் அப்பாவோடுதான். அம்மாவோடு பெண்கள் பக்கம் போக முன்பு பத்து வயது வரைக்கும் விட்டார்கள். 2020-ல் சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறியை மாற்றி ஏழு என்று ஆக்கிவிட்டது.

பச்சை குத்தியது: அது யாகுசா ரவுடிகளுக்காக வந்த தடை, ஆனால் பாட்டிகளையும் சேர்த்துப் பிடிக்கும். 2015-ல் சுற்றுலாத் துறை விடுதிகளிடம் விசாரித்தபோது 56 சதவீதம் மறுப்போம் என்றார்கள், 31 சதவீதம் விடுவோம், 13 சதவீதம் மறைத்தால் சரி. முன்கை அளவுதானே, தோல் நிற ஒட்டுப்பட்டி கடையில் கிடைக்கும். விடுதியிடம் முன்பே கேட்பது நல்லது. இல்லாவிட்டால் 'காஷிகிரி' என்கிற தனிக்குளியல் இருக்கிறதா பாருங்கள். முக்கால் மணி நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு நீங்களும் அம்மாவும் மட்டும் குளிக்கலாம். வெட்கத்துக்கும் அதுவே மருந்து.

முழங்கால்: நிறைய விடுதிகளில் இப்போது கட்டில் போட்ட 'வயோஷிட்ஸு' அறை உண்டு. சாப்பாட்டுக்கு உயர நாற்காலி கேட்டாலும் போடுவார்கள்.

#10 நாடோடி நாகலிங்கம்

அம்மாவுக்குத் துணி இல்லாமல் குளிப்பது சரிப்படவே இல்லை என்றால் தெற்கே இபுசுகி ஒன்று இருக்கிறது, ககோஷிமா மாவட்டம். யுகாதாவோடு கடற்கரையில் படுக்க வைத்து, ஊற்றுச் சூட்டில் கொதிக்கிற கறுப்பு மணலை மண்வெட்டியால் அள்ளிக் கழுத்து வரை மூடுவார்கள். பத்து நிமிஷம். நாடித்துடிப்பு உள்ளங்காலில் கேட்கும். உங்கள் பயணத் தடத்தில் இல்லை, தெரிந்திருக்கட்டும்.

என் மனசுக்குப் பிடித்தது வடக்கே அவோமோரியில் ஃபுரோஃபுஷி. கடல்பாறை நடுவில் துரு நிறத் தண்ணீர். அலை எழுந்தால் குளத்தின் விளிம்பில் மோதும். அது மேற்குக் கரை, சூரியன் கடலில் விழுவதைக் குளத்தில் உட்கார்ந்தபடி பார்க்கலாம், இருட்டினால் மூடிவிடுவார்கள். இஸுவின் கிழக்குக் கரை இதற்கு நேர் எதிர், உதயம்தான் அங்கே விசேஷம். பௌர்ணமியை ஒட்டிப் போனால் நிலவு கடலிலிருந்து எழும்பி வெள்ளிப் பாதை போட்ட மாதிரி குளம் வரைக்கும் வரும்.

ஒன்று மறக்காதீர்கள். அறைக் கதவுக்குப் பின்னால் தப்பிக்கும் வழி வரைபடம் மாட்டியிருக்கும். கடலோரம் என்றால் சுனாமிக்கு எந்த மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதை யுகாதா மாற்றுவதற்கு முன்னால் பாருங்கள். 2024 ஜனவரி 1 அன்று நோத்தோ தீபகற்பத்தில் 7.6 நிலநடுக்கம் வந்தது புத்தாண்டு விடுமுறை மாலையில். வாகுரா ஒன்சென் விடுதிகள் எல்லாம் ஆட்களால் நிரம்பியிருந்த நேரம்.

#11 குற்றாலச் சாரல்

நாகலிங்கம் சார் பயமுறுத்திட்டாரு. நான் இன்னும் ஒத்துக்கல. அறை, சாப்பாடு, குளியல் மூணையும் சேர்த்துக் கட்டி விற்கிறாங்க. பிடிச்ச கடையில சாப்பிட்டு, பக்கத்து ஊர்ல 700, 800 யென் கொடுத்துப் பகல்ல குளிச்சுட்டு வந்தா என்ன குறைஞ்சிடும்?

#12 அம்பத்தூர் மருமகள்

ஒன்றும் குறையாது அண்ணா, அப்படியும் போகலாம், 'ஹிகாயெரி' என்று அதற்குப் பேரே இருக்கிறது. ஆனால் குளித்து முடித்து ஈரத்தலையோடு ரயிலுக்கு ஓடவேண்டும். ரியோகானில் குளித்துவிட்டு அப்படியே யுகாதாவோடு சாப்பிடப் போகலாம், எல்லோரும் அதே யுகாதாவில்தான் இருப்பார்கள். பெரிய மனுஷன் சின்ன மனுஷன் தெரியாது. எங்கள் வீட்டில் மாமியாருக்கு முன்னால் சமைக்காமல், பரிமாறாமல், நான் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் ராத்திரி அது. அதற்கு விலை போடத் தெரியவில்லை எனக்கு.

பி.கு: ராத்திரியோடு ராத்திரியாக ஆண், பெண் திரைகளை மாற்றிவிடுவார்கள், இரண்டு குளத்தையும் எல்லோரும் அனுபவிக்கட்டும் என்று. காலையில் என் வீட்டுக்காரர் பழைய ஞாபகத்தில் நடந்தார். வாசலிலேயே ஒரு பாட்டி திருப்பி அனுப்பினார்!

#13 கோவைக் குயில் (ஐந்து வாரம் கழித்து)

வந்துவிட்டோம். எல்லோருக்கும் கும்பிடு.

மூன்று மணி என்று சொன்னீர்கள், இரண்டே முக்காலுக்கே போய் நின்றோம். ஜப்பானிய வரியை அப்படியே அனுப்பியிருந்தேன். விடுதியிலிருந்து இரண்டு முறை பதில் போட்டுக் கேட்டார்கள், வெங்காயம் ஆகுமா, பால் ஆகுமா என்று. அம்மாவுக்குத் தனித் தட்டில் கடற்பாசிச் சாற்றில் வெந்த முள்ளங்கி, எள்ளில் செய்த தோஃபு, காளான் சோறு. அம்மா தீர்ப்பு: 'உப்பு இல்ல, காரம் இல்ல, ஆனா மனசோட செஞ்சிருக்காங்க.' நான் கொண்டுபோன பருப்புப்பொடி பைக்குள்ளேயே இருந்துவிட்டது. வீட்டுக்காரர் கின்மெதாய்க்கு இரண்டு கிண்ணம் சோறு கூடுதலாகக் கேட்டார். காலையில் பாதி காய்ந்த அயிலை மாதிரி ஒரு மீனைச் சுட்டு வைத்தார்கள், கருவாடு என்று பையன் ஊரைக் கூட்டினான்.

குளியல்: சாயங்காலம் தனிக்குளியலில் ஆரம்பித்தோம். பச்சைக்கு ஒட்டுப்பட்டி ஒட்டினேன், தண்ணீரில் ஓரம் பிரிந்துவிட்டது, யாரும் கண்டுகொள்ளவில்லை. படுக்குமுன் நான் மட்டும் பொதுக்குளத்துக்குக் கிளம்பினேன். அம்மா 'நானும் வரேன்' என்றார். அவ்வளவுதான், கேள்வி கிடையாது.

விடிகாலை ஆறு மணிக்கு நான் எழுந்து பார்க்கிறேன், ஃபுட்டானில் அம்மா இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் வெளிக்குளத்தில் கழுத்தளவு தண்ணீரில், தலையில் துண்டோடு, எதிரே ஓஷிமா தீவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு அம்மா. இவருக்கு ஜப்பானியம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் முழங்காலைத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சூரியன் வந்ததும் அம்மா தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பக்கத்து அம்மாவும் கை கூப்பினார்.

கோபமும் ஒன்று உண்டு. கடல் பார்த்த அறை என்று பணம் வாங்கினார்கள், பாதி ஜன்னலைக் கார் நிறுத்துமிடம் மறைத்தது. அடுத்த முறை மாடி எண்ணைக் கேட்டுத்தான் பணம் கட்டுவேன்.

#14 குற்றாலச் சாரல்

சரி. மார்ச்ல எங்க கம்பெனி வேலையா டோக்கியோ போறேன், கூட அம்மாவும் வர்றாங்க. அந்த இஸு ரயில்ல கடல் தெரிய எந்தப் பக்கம் உட்காரணும்?

#15 நிஷிகசாய்வாசி

போகும்போது இடது பக்கம் அண்ணே.